ஆறு நட்டு வண்டி

எங்கள் பக்கத்தில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார்கள். இரண்டு பல், நாலு பல், ஆறு பல். ஆறு பல் காளை என்றால் வண்டிக்கும் உழவுக்கும் தாங்கும். அதில் அர்த்தம் உண்டு. பல் மாட்டின் வயதைச் சொல்லும். மாடுகள் குறைந்து தஞ்சாவூர்ச் சாலைகளில் பிக்கப் வண்டிகள் பெருகியபோது, எண்ணும் வழக்கம் மட்டும் குறையவில்லை. வண்டிக்குப் பல் இல்லாததால் சக்கரத்தின் நட்டை எண்ண ஆரம்பித்தார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஒரத்தநாட்டுப் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கணவர் வளைகுடாவில் ஒன்பது வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி, பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தார். இனிமேல் போவதில்லை என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட்டை மட்டும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். தங்கை சுற்றி வளைக்காமல் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, பேராவூரணித் தேங்காய் மண்டி லோடு கிடைச்சுட்டா இவர் இங்கயே இருந்துடுவாரு. இல்லேன்னா பீரோவைத் திறக்க வேண்டியதுதான். நீயும் கூடப் போயேன்."

போனேன். மண்டிக்காரர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது பின்சக்கர டயர் மொட்டையாகி நூல் தெரிந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பிரேக் ஆயில் கசிந்து பின்பக்கம் ஈரமாக இருந்தது, அதையும் பார்க்கவில்லை. குனிந்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, நட்டை எண்ணினார்.

"அஞ்சுதானா?"

"அஞ்சுதாங்க," என்றார் மாப்பிள்ளை.

"நம்ம லோடுக்கு அஞ்சு தாங்காது தம்பி. ஆறு நட்டு வண்டியா இருந்தா சொல்லுங்க."

"வெளிநாட்டுல இந்த மாதிரி வண்டியிலதாங்க ஜல்லி அடிச்சேன்."

"அங்க ஜல்லிதான் இருக்கு. இது தேங்கா."

இந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்தது போலச் சிரித்தார்கள். ஆறு நட்டுப் புது வண்டியின் சொந்தக்காரர் ஒருவர், "கன்னுக்குட்டிக்கு இன்னும் ஒரு பல்லு முளைக்கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

திரும்பும் வழியில், வண்டிப் பட்டறை வைத்திருந்த பாயிடம் நிறுத்தச் சொன்னேன். கேள்வி கேட்பது என் தொழில். அந்த ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "ஏன் பாய், ஒரு வண்டிக்கு நாலு நட்டு, ஒண்ணுக்கு அஞ்சு, இன்னொண்ணுக்கு ஆறு?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எடையைப் பொறுத்ததுங்க. சின்னக் காருக்கு நாலு போதும். எடை கூடக் கூட அஞ்சு, ஆறு. லாரிக்கு எட்டு, பத்து. ஆனா எண்ணிக்கை மட்டும் இல்ல. போல்ட்டு எவ்வளவு தடிமன், சக்கரம் உக்கார்ற ஹப்பு எவ்வளவு அகலம், அதையும் பாக்கணும். தடிச்ச போல்ட்டு அஞ்சு, மெலிஞ்ச போல்ட்டு ஆறுக்குச் சமம். சில கம்பெனியில வேற வண்டிக்குச் செஞ்ச ஹப்பையே இதுக்கும் மாட்டிடுவாங்க. அதனாலயும் மாறும்."

"அப்ப இந்த அஞ்சு தாங்குமா?"

"கம்பெனி சொன்ன எடைக்குத் தாராளமா தாங்கும். நட்டு சக்கரத்தை ஹப்போட சேத்து அழுத்திப் பிடிக்குது. அந்தப் பிடிதாங்க எல்லாம். பிடி விட்டா பத்து இருந்தும் பிரயோஜனம் இல்ல."

மாப்பிள்ளை கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "பாய், இதுலயே இன்னொரு ஓட்டை போட முடியுமா?"

பாய் கை துடைத்த துணியை உதறித் தோளில் போட்டார். "முடியாதுங்க."

அடுத்த வாரம் மாப்பிள்ளை திருச்சியில் பழைய உதிரிச் சாமான் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்து, நான்கு வீல் கப்புகள் கொண்டுவந்தார். சக்கரத்தின் நடுவை மூடும் பளபளப்பான தகரத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் நட்டு போலவே ஆறு புடைப்புகள். மொட்டை டயரையும் மாற்றினார். நியாயமாகச் சொல்ல வேண்டும். கூடவே பாயின் பட்டறையில் சக்கரங்களைக் கழற்றி, நட்டு உட்காரும் இடம் உட்படத் தடிமனாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் மாட்டச் சொன்னார்.

"பெயிண்ட் மேல நட்டு உக்காந்திருக்கு. பெயிண்ட் நசுங்கினா நட்டு இளகிடும். ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க, திரும்ப இறுக்கித் தர்றேன்," என்றார் பாய்.

மாப்பிள்ளை போகவில்லை. இறுக்க வேண்டுமானால் கப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஐந்து தெரிந்துவிடும்.

மண்டிக்காரர் மறுபடியும் குனிந்து, தகரத்தைத் தொட்டுத் தொட்டு ஆறு வரை எண்ணினார். நான் பக்கத்தில் நின்று வாய் திறக்கவில்லை. லோடு கிடைத்தது. ஆறு நட்டுதானே என்று, வழக்கத்துக்கு மேல் இருநூறு காய் கூடுதலாகவே ஏற்றினார்கள். தங்கை அந்த வாரம் இரண்டு முறை பாயசம் வைத்தாள்.

பதினோராம் நாள் காலை, வாய்க்கால் பாலத்தில் இறங்கும்போது இடது பின்சக்கரம் தனியாகக் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு ஓடி, சம்பா வயலில் விழுந்தது. வண்டி சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. காய்கள் வாய்க்காலில் வரிசையாக மிதந்தன. உதவிக்கு ஓடிவந்தவர்கள் முதலில் காய்களுக்கு உதவினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் சுத்தமாக இருந்தது. வீல் கப் சாலையோரம் கிடந்தது. அதன் ஆறு நட்டும் பத்திரமாக இருந்தன.

மண்டிக்காரர் வந்து, மூளியாக நின்ற ஹப்பில் போல்ட்டுகளை எண்ணினார். போன காய்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அஞ்சை ஆறுன்னு காட்டி ஏமாத்திட்டியே தம்பி. அஞ்சு தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

அன்று மாலை நான் நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். 'ஐந்து நட்டுகள் கொண்ட பிக்கப் வண்டியின் பின்சக்கரம் கழன்று...' என்று தொடங்கும். நுணுக்கமான விவரம்தான் செய்திக்கு நம்பகத்தன்மை தரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெயிண்ட், இறுக்காத நட்டு, தகரக் கப் மூன்றையும் விட்டுவிட்டேன். குடும்பத்து மானம்.

மறுநாள் லோடு வண்டி ஸ்டாண்டின் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் அந்தச் செய்தி ஒட்டப்பட்டிருந்தது. 'ஐந்து' என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அதன்பின் மாப்பிள்ளைக்கு மண்டியில் மட்டுமல்ல, எங்குமே லோடு இல்லை. வண்டியை வாங்கவும் ஆளில்லை. பாய் என்னிடம், "பேப்பர்லயே போட்டாச்சு. இனிமே நான் சொன்னா யாருங்க கேப்பாங்க?" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

பீரோவைத் திறந்தது தங்கைதான். பாஸ்போர்ட்டை மேசை மேல் வைத்துவிட்டு, "பெயிண்ட் பத்தி எழுதியிருக்கலாம்ல அண்ணே," என்றாள்.

"மானம் போயிடும்னு..."

"சரி. அது இருக்கட்டும். இவர் போறாரு."

ஒரு மாதம் கழித்து முதல் போன் வந்தது. தங்கை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் 'ம்' மட்டும் கொட்டினாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "உங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்."

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. குரலில் சந்தோஷம். "இங்க எனக்குக் குடுத்திருக்கிற வண்டி ஆறு நட்டு."

"இறுக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எண்ணிப் பாத்துட்டேன் மச்சான்," என்றார்.