ஆளுக்கொரு கொப்பு

“…ஆளுக்கொரு கொப்பு முறிச்சுப் போடாமல் நான் ஓட்டோவைக் காட்டுக்குள்ள விடமாட்டன். போன முறை ஒராள் போடேல்லை, யானை மறிச்சது” என்கிறார் மாங்குளத்து ஓட்டோக்காரர் யோகண்ணை.

பாலை மரத்தடியில் கல்லுப் பிள்ளையார். முன்னால், வழிப்போக்கர் இட்ட கொப்புகள் வாடிக் கிடக்கின்றன. யோகண்ணையும் நானும் போட்டுவிட்டோம். என்னோடு வந்த ஐவிகா மட்டும் அசையவில்லை. அவர் ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் வாழும் மாரி என்னும் இனத்தவர். பின்லாந்துக்காரரின் மொழிக்குத் தூரத்து உறவான மொழி பேசுகிறவர்.

“எங்கள் சாமி மரத்தோப்பில்தான் இருக்கிறது. அதன்முன் ஓர் இலையையும் பிய்க்க மாட்டோம்” என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். இரண்டு சாமிக்கும் நடுவே மொழிபெயர்க்கிற வேலை எனக்கு.

“அவான்ர சாமி எங்கட ஆளைவிடக் கண்டிப்பு போல” என்கிற யோகண்ணை என்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி இறங்குகிறார். காற்றில் விழுந்த கொப்பொன்றைத் தேடியெடுத்து, மண் தட்டி, இரண்டு கையாலும் ஐவிகாவிடம் நீட்டுகிறார்.