நாயன வேகத்துக்கு ஓடாத கார்

போன வாரம் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். கூலன்ட் டேங்க்கில் விரிசல், புதுசு போட்டுவிடலாம், நீங்கள் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாங்கள் என்றார் அங்கிருந்தவர். காபி ஆறுவதற்குள் மாட்டியே முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு மாதிரி அவமானமாகப் போயிற்று. இதே வேலையை வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்து, ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

பழைய டேங்க்கை என் கையில் கொடுத்தார்கள். மோந்து பார்த்தேன். லேசான இனிப்பு, அதற்கடியில் சூட்டில் வெந்த ரப்பர். அதே வாடை. மோந்து பார்க்கிற ஆளை சர்வீஸ்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "இனிமே நீங்க தண்ணியே பாக்க வேணாம் சார், கொறஞ்சா வண்டியே லைட் போட்டுச் சொல்லும்" என்றார். நல்ல மனுஷர், நல்லதாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக் கேன் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கேன் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. மூடியை இறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். குமிழி வந்தால் தூர எறி, வராவிட்டால் பாஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்தால் புத்தி என்ன ஆகும்? வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட, 'ஐயோ லீக்' என்றுதான் எனக்குத் தோன்றும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே.

முதலாளியிடம் ஒரு கார் இருந்தது. சிவப்பு, சீமையிலிருந்து வந்தது, இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது, மடக்குகிற துணிதான். ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் மக்கிக்கொண்டிருந்ததை எனக்குத் தள்ளிவிட்டு, சம்பளத்தில் மாசாமாசம் பிடித்துக்கொண்டார். அதை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவில் திரும்பிய அன்று எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே! அப்பா வெளியே வந்து பார்த்தார். "நாலு பேரு இருக்கற ஊட்டுக்கு ரெண்டு பேரு குந்தற காரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் என் தங்கை கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சேகர், பூந்தமல்லிக்காரர். அவருடைய அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நகை, பாத்திரம் என்று எதையும் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆசைதான்: மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும், ஊரே பார்க்க வேண்டும். அப்பா வாடகைக்கு விசாரிக்கக் கிளம்பினார். நான் விடுவேனா? சபையில் எழுந்து நின்று, நம்ம வண்டி இருக்கும்போது வாடகை எதுக்கு என்றேன். சம்பந்தியின் முகம் மலர்ந்தது. கோமதியின் முகம் சுண்டிப்போனதை நான் கவனிக்கவில்லை.

அவள் பயந்தது வீண்போகவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காருக்கு அடியில் பச்சைத் தண்ணீர். கூலன்ட் டேங்க் வெடித்திருந்தது. இஞ்சின் சூடேறினால் தண்ணீர் இந்த டேங்க்குக்கு வரும், ஆறினால் திரும்பிப் போகும், அவ்வளவுதான் இதன் சமாச்சாரம். பழைய கார் உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டை முழுக்க அலைந்தேன். கடைக்காரர்கள் பழைய டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே தவிர, கொடுக்க ஒருத்தரிடமும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஞானோதயம். கேன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு டேங்க் தேடி அலைகிறேனே! மறுநாளே எங்கள் கம்பெனி கேன் ஒன்றைக் கொண்டுவந்து, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். கேனில் ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகி, தகரப் பட்டையால் கட்டி, ஆடாமல் இருக்க சைக்கிள் டியூபால் இழுத்து முடிந்தேன். பழைய டேங்க்கின் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளைக்காரன் இவ்வளவு பெரிய கார் செய்தானே, மூடியில் லீக் இருப்பதைப் பார்க்கவில்லையே! எங்கள் கம்பெனியில் நான் பாஸ் பண்ணியிருப்பேனா? புது மூடியை முறுக்கி, விளிம்பெல்லாம் பசை வைத்து அடைத்தேன். குமிழி வராது. சத்தியமாக வராது.

கோமதி கையில் மருதாணியோடு வந்து நின்று பார்த்தாள். "அண்ணா, வாடகைக்கே ஒரு வண்டி சொல்லிடலாம்ணா. அன்னிக்கு ஏதாச்சும் ஆச்சின்னா, அந்த ஊட்ல காலத்துக்கும் பேச்சு கேக்கப்போறது நான்தான்."

நான் அவளை உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். வானகரம் போய் டிரங்க் ரோட்டில் ஏறி ஒரே மிதி. வேலப்பன்சாவடி தாண்டியதும் நூம்பல் பக்கத்து வயல்காற்று முகத்தில் அறைந்தது. பூந்தமல்லி வரை போய்த் திரும்பினோம். இறங்கி பானட்டைத் திறந்தால் கேன் சில்லென்று இருந்தது. இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் அவளைப் பார்த்தேன். பாவம், அவளும் நம்பிவிட்டாள்.

ஆனால் பாருங்கள், மாப்பிள்ளை அழைப்பு டிரங்க் ரோட்டு வேகத்தில் போகாது. நாயனக்காரர் நடக்கிற வேகத்தில் போகும். அவர் முக்குக்கு முக்கு நிற்பார், ராகத்தை இழுப்பார், தவில்காரர் பதில் சொல்வார், கூட்டம் தலையாட்டும். பின்னால் நம் வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு நிற்கும். இஞ்சினுக்குக் காற்று எங்கிருந்து வரும்? இது என் மண்டையில் ஏறியது பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பி ரெண்டு தெரு தாண்டிய பிறகு. சூட்டு முள் சிவப்பில் நின்றது. மூடியில் இருந்த அந்த ஊசி ஓட்டை ஆவி வெளியேற விட்ட வழி என்பதும் அப்போதுதான் உறைத்தது. கோட்டு சூட்டு போட்டு, கழுத்தில் ரோஜா மாலையோடு, மடக்கிய கூரைத் துணிமேல் உட்கார்ந்து சேகர் ஊருக்கே கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நான் வேர்த்து வழிந்தேன்.

டமார்!

முன்னால் போனவர்கள் யாரோ வெடி போட்டார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நாயனம்கூட நிற்கவில்லை. பானட் இடுக்கிலிருந்து புகையும் பச்சைத் தண்ணீரும் பீய்ச்சி அடிக்க, மாப்பிள்ளையையே காணோம். புகை விலகியபோது அவருடைய கோட்டில் பச்சைப் பச்சையாகப் புள்ளி. வண்டி செத்துவிட்டது. சம்பந்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இதான் உங்க ஊட்டு மரியாதையா?" என்றார். தெருவே கேட்டது. கோமதி சொன்ன பேச்சு, தாலி ஏறும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

சேகர் கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டார். மாலையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார். "இன்னா நைனா, வாய் பாத்துகினு நிக்கிறே? நீ அந்தாண்ட புடி, நான் இந்தாண்ட புடிக்கிறேன்" என்றார் தன் அப்பாவிடம். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், நீ ஸ்டேரிங்க மட்டும் பாத்துக்கோ. வேற எதுலயும் கை வெக்காத."

சம்பந்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ள வந்தார்.

கல்யாண மண்டபத்து வாசலில் எங்கள் அத்தை ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். கண் சரியாகத் தெரியாது. காரில் உட்கார்ந்திருப்பவன்தானே மாப்பிள்ளை? எனக்கு மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். பின்னால் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் சம்பந்தியும் சிரித்துவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து கோமதியின் சிரிப்பு கேட்டது. அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது அந்தச் சத்தத்தில்தான்.

அந்த வீட்டில் அவள் ஒரு பேச்சும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நான்தான். அதற்கப்புறம் நான் எங்கே கிளம்பினாலும் சேகரிடமிருந்து போன் வந்துவிடும். சௌக்கியமா என்றுகூடக் கேட்க மாட்டார். "தண்ணி பாத்தியா மச்சான்?" அவ்வளவுதான். வேண்டுமென்றே சில தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அடுத்த பயணத்துக்கும் போன் வரும்.

அந்தச் சிவப்புக் கார் எப்போதோ கைமாறிப் போயிற்று. எங்கள் எஸ்டேட் கம்பெனி இருந்த இடத்தில் வேறு ஏதோ கட்டிடம். பூந்தமல்லி ரோட்டில் இப்போது மெட்ரோத் தூண்கள், நாயனம் நின்று ராகம் இழுக்க அங்கே ஏது இடம்? அதெல்லாம் போகட்டும். போன ஐப்பசியில் சேகரும் போய்விட்டார்.

நேற்று, இப்போது வேப்பம்பட்டில் இருக்கும் கோமதியைப் பார்க்கக் கிளம்பினேன். லைட் எதுவும் எரியவில்லை, டேங்க்கும் புதுசு. இருந்தாலும் பானட்டைத் தூக்கினேன். பச்சைத் தண்ணீர் கோடு வரைக்கும் நின்றது. பார்த்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.