கீழ்வரி வெட்டிய போஸ்டர்

எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். மூட்டைகளின்மேல் தார் மையால் குறி போட்டே பழகிய கை இது. காகிதத்தில் எழுதினாலும் எழுத்து பெரிதாக விழுகிறது, கோட்டுக்குள் நிற்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள்.

என் முன்னால் ஒரு பழைய போஸ்டர் கிடக்கிறது. நாலாக மடித்து வைத்திருந்ததால் மடிப்பில் விரிசல் விட்டிருக்கிறது. சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் ஒரு முகம். கன்னம் ஒட்டி, கண்கள் குழிக்குள் போய், எங்கோ பார்க்கிற முகம். அது என் முகம்தான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. போஸ்டரின் பின்பக்கத்தில் காய்ந்த மைதாப் பசையும், அதோடு பெயர்ந்து வந்த மஞ்சள் சுண்ணாம்பும் இருக்கின்றன. முகத்துக்குக் கீழே ஒரு வரி அச்சடித்திருந்தது. அந்த வரியை மட்டும் யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு குடோனில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலை எனக்கு. குடோனுக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனியாக இருந்தேன். அப்பா அம்மா இல்லை. எனக்கென்று இருந்தவள் அக்கா ஒருத்திதான். இறால் உரித்து என்னை வளர்த்தவள். அவளும் என்னோடு பேச்சை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான். கிறிஸ்தவர்களான எங்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண்ணை அப்பாவோ கூடப்பிறந்தவனோ கையைப் பிடித்துக் கோயிலுக்குள் பீடம்வரை அழைத்துப் போகவேண்டும். அக்காவுக்கு நான்தான் போகவேண்டும். புதுச்சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். அத்தனை பேர் திரும்பிப் பார்க்க நடுவில் நடக்கவேண்டும் என்று நினைத்தபோதே, என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. காலையில் எழுந்து, புதுச்சட்டையோடு கடற்கரைப் பாறைகளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பூசை முடிந்து மணி அடிக்கும் சத்தம் அங்கே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் அவளை அழைத்துப் போனாராம். அன்றே அவள் திருவொற்றியூருக்குப் புகுந்த வீடு போனாள். மன்னிப்புக் கேட்கப் போகவும் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே ஆறு வருடம்.

சினிமா படிக்கிற மாணவர் ஒருவர் எங்கள் குடோனைத் தேடி வந்தது அந்தச் சமயத்தில்தான். பேய்ப் படம் ஒன்றுக்கு டிரெய்லரும் விளம்பரமும் தயார் செய்து காட்டவேண்டுமாம், அதற்குத்தான் அவருக்கு மார்க். படம் என்று ஒன்று கிடையாது. எடுக்கப்போவதும் இல்லை. இல்லாத படத்துக்கு டிரெய்லர், போஸ்டர், துண்டு நோட்டீஸ். கேட்கவே எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு, மூலையில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்ணே. எப்பவும் நிக்கிற மாதிரியே நில்லுங்க. அதுவே பயமா இருக்கு” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூட வேலை செய்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. “இன்னா மாமு, பேயா நடிக்கிறியாமே. மேக்கப்பு எதுக்கு, சும்மா மூஞ்சிய கழுவாம வா” என்று ஒருவன் ஆரம்பித்தான். “அத்த பாத்து ஒரிஜினல் பேயி பேஜாராயிடப் போவுது” என்றான் இன்னொருவன்.

ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பேச வேண்டியதில்லை என்றார்கள். கேமரா என்பது ஆள் இல்லை, அது திரும்பிப் பார்த்துச் சிரிக்காது. அதைவிட, இரண்டு பகல் முழுக்க ஒருவர் “அண்ணே, அண்ணே” என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் பவுடரை அப்பி, கண்ணைச் சுற்றிக் கரி தடவி, கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் விழும் இடத்தில் நிறுத்தினார். பகலில் எடுப்பதை இருட்டாக மாற்றிவிடலாம் என்றார். மூட்டைகளின் இடையிலிருந்து நான் மெல்ல வெளியே வந்து நிற்கவேண்டும். அவ்வளவுதான். மதியம் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

போஸ்டர் இரண்டு தவணையாக ஒட்டுவதாகத் திட்டம். முதல் போஸ்டரில் என் முகமும், அதன் கீழே ‘இவர் இறந்துவிட்டார்’ என்ற வரியும் மட்டும். நாலு நாள் கழித்து அதே முகம், ‘ஆனால் இங்கேதான் இருக்கிறார்’ என்ற வரி, படத்தின் பெயர். பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும் என்றார். அச்சாகி வந்ததைக் கையில் கொடுத்தபோது கறுப்புக் கரையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கறுப்புக் கரை போட்டு ஒரு முகம் சுவரில் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எந்த வீட்டில் சாவு என்று நின்று படிப்பார்கள். அவர் வேறு பக்கத்துப் பிள்ளை, அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை பஸ் போகிற வழியெல்லாம் ஒட்டினார்கள். அச்சகத்தில் வேறு வேலை நெருக்கடி. இரண்டாவது போஸ்டர் வரவே இல்லை.

குடோன்காரர்களுக்கு விஷயம் தெரியும், அதனால் சிரித்தார்கள். என் அறைக் கதவை யாரும் தட்டவில்லை. செத்துப்போனதாகச் சுவரெல்லாம் சொல்லியும் தேடி வர ஆளில்லையே என்று அந்த வாரம் நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகுமுன் காலைப் பூசைக்குப் போவேன். வாசல் பக்கம், கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பேன். அந்த வாரத்தில் ஒரு நாள், பத்துப் பதினைந்து பேர்தான். சாமியார் புதியவர். பூசை யாருக்காக என்று சொல்லும்போது, மரித்தவர்களின் பெயரில் என் பெயரைச் சொன்னார், அப்பா பெயரோடு சேர்த்து. முன்வரிசையில் முக்காடு போட்ட ஒருத்தியின் தோள் குலுங்கியது. ஆறு வருடம் ஆனாலும் பின்பக்கம் பார்த்தே தெரிந்தது. இறால் கூடைக்கு முன்னால் குனிந்து குனிந்து ஒரு பக்கம் சாய்ந்த தோள் அது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. இந்த முறை ஓடவில்லை. வாசலில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் வெளியே வந்து தொட்டியில் விரலை நனைத்தாள், நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. என் கையைத் தொட்டு, கிள்ளிப் பார்த்தாள். “அது சினிமாக்கா” என்றேன். மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: “என் கண்ணாலத்துல நாலு பேரு முன்னாடி நடக்க வெக்கம் உனுக்கு. இப்ப ஊரு பூரா செவுத்துல நிக்கிற.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீ எங்க தங்கியிருந்தன்னுகூட எனுக்குத் தெரியாது. செத்துட்டன்னு நெனச்சி எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்டா. ராவெல்லாம் அழுது மன்னிச்சேன். இப்ப உசுரோட வந்து நிக்கிற. அத்த நான் இன்னா பண்றது?”

“முப்பதாம் நாளு பூசைக்கும் சொல்லி வச்சிட்டேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். இருபதடி தள்ளி நானும் போனேன். பஸ் வந்தது, ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாணவரிடம் சொன்னபோது அவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “நான் போய் உங்க அக்காகிட்ட சொல்லட்டுமாண்ணே?” என்றார். வேண்டாம் என்றேன். டிரெய்லரைத் திரையில் காட்டும் நாளில் வரச்சொல்லி அழைத்தார். அத்தனை பேர் இருப்பார்கள் என்று போகவில்லை. நான் எப்படி நடித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டுகிற தகடுமாகப் புறப்பட்டு, திருவொற்றியூர்வரை நடந்து என் முகத்தைச் சுவர் சுவராகச் சுரண்டி எடுத்தேன். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு மஞ்சள் சுவர். அங்கே ஒட்டியது எனக்குத் தெரியும், ஆனால் போஸ்டர் இல்லை. ஒரு சதுரம் மட்டும் சுண்ணாம்பு பெயர்ந்து வெளுத்துக் கிடந்தது. பசைக்காக மாடு தின்றிருக்கும் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அவள் வீட்டுக் கதவு நாலு வீடு தள்ளித்தான் இருந்தது.

முப்பதாம் நாள் காலை மறக்காமல் கோயிலுக்குப் போனேன். சாமியார் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் இல்லை. பிறகு உயிரோடிருப்பவர்களில் நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று வாசித்தார். அதிலும் நான் இல்லை. அக்காவும் வரவில்லை. பூசை முடிந்து எல்லாரும் போனபிறகும் தூணுக்குப் பின்னால் கொஞ்சநேரம் நின்றிருந்தேன்.

அதன்பின் அவளைப் பார்த்ததெல்லாம் கல்லறைத் திருநாளில், அப்பா அம்மா குழிக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதுதான். “சாப்டியா” என்பாள். “ஆச்சிக்கா” என்பேன். அவ்வளவுதான். போன மாதம் அவள் போய்விட்டாள். அடக்கத்தன்றும் நான் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன். முப்பதாம் நாள் பூசைக்கு மட்டும் நானே கோயிலில் பூசை எழுதும் உபதேசியாரிடம் போய், அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி எழுதச் சொன்னேன்.

இன்று காலை அந்தப் பூசை முடிந்ததும் அக்கா மகள் என்னைத் தேடி வந்து இதைக் கொடுத்தாள். “அம்மா பொட்டியில கண்ணாலப் பொடவைக்கு அடியில இருந்துச்சி மாமா. இது நீதானே?” ஆமாம் என்றேன். மஞ்சள் சுண்ணாம்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மூலைகூடக் கிழியாமல், ஈரத்துணி வைத்து ஊறவிட்டுப் பொறுமையாக உரித்திருக்கிறாள்.

“கீழ இன்னாவோ எழுதியிருந்துச்சி போல. அம்மாதான் கத்திரிச்சி எடுத்துகீது. இன்னா மாமா போட்டிருந்துச்சி?” என்று கேட்டாள்.

மறந்துபோச்சும்மா என்றேன்.

எழுதி முடித்தது ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமை. அக்காவின் முப்பதாம் நாள்.