திரைக்குப் பின்னால் ஒரு பாட்டுக்காரன்

மீன்பிடி ஊரான பேசாலையில் வலன்ரைனின் குரலைத் தெரியாதவர் இல்லை. முகத்தைத்தான் பலருக்குச் சரியாகத் தெரியாது. ஞாயிற்றுப் பூசையில் பாடுகிறவர்கள் நிற்பது மாதா கோயிலின் பின்புற மாடத்தில். சனங்கள் பீடத்தைப் பார்த்திருக்க, அவன் அவர்களுடைய முதுகைப் பார்த்துப் பாடுவான். அந்த ஏற்பாட்டை ஆண்டவர் தன் மகனுக்காகவே செய்து வைத்தார் என்பது தாய் றோசம்மாவின் நம்பிக்கை. பூசை முடிந்து சனம் எழும்புவதற்குள் பக்கத்துப் படியால் இறங்கி, கடற்கரை வழியாக வீட்டுக்கு ஓடிவிடுவான்.

வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். கடைக்குப் போனால் வாய் திறக்க மாட்டான், விரலால் காட்டுவான். உப்பைக் காட்டக் கடைக்காரர் சீனியை நிறுத்துக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வருவான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு சொல்லுவினம். எனக்கு வாய்ச்சதுக்கு வாய் பூசைக்கு மட்டும்தான்" என்று றோசம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கடலுக்குப் போனாலும் இதே கதைதான். படகில் பாடிக்கொண்டே வலை இழுப்பான், பக்கத்தில் வேறு படகு வந்தால் பாட்டுப் பாதியில் நின்றுவிடும்.

இந்த வலன்ரைனைத்தான் அப்துல் ஹமீட் தன் படத்துக்குப் பாடகனாகப் பிடித்தார். ஆளைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஹமீட் முசலிப் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வான் வண்டியோடு பேசாலைக்கு வந்தவர், கோயிலுக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு வெயிலில் நின்றுவிட்டார். கருவாட்டை மறந்து, குரலுக்குரியவனைத் தேடிக் கடற்கரை வழியாக அவன் பின்னால் ஓடி, வீட்டு வேலியருகே மடக்கினார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளியிலிருந்து படங்கள் வருவது குறைந்து, நாங்களும் எடுத்தால் என்ன என்று பலருக்கும் ஆசை பிடித்த காலம். ஹமீட்டுக்கு அது ஆசையாக இல்லை, காய்ச்சலாகவே வந்தது. ஆழம் பார்க்காமல் காலை விட்டார். தயாரிப்பாளரும் அவரே, இயக்குநரும் அவரே. கதாநாயகனாக நடிக்க வருவதாகச் சொன்னவன் வராமல் போகவே அதுவும் அவரே. கதை ஒரு லொறிச் சாரதியைப் பற்றியது. தலைமன்னாரிலிருந்து தெற்கே மறிச்சுக்கட்டி வரைக்கும் அவன் பாடிக்கொண்டே போவான். கதாநாயகியாக நடிக்க எந்த வீட்டிலும் பெண்ணை விடவில்லை. ஹமீட் கொஞ்சமும் கலங்காமல் கதையை மாற்றினார்; சாரதி தன் லொறியையே காதலித்தான்.

படத்தை எடுத்தாயிற்று. வசனமும் வாத்தியமும் நாடாவில் பதிந்தாயிற்று. பாட்டுக்கு மட்டும் வலன்ரைனைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். ஒலிப்பதிவு அறையில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் நாலு பேர் இருந்து இவனையே பார்த்தார்கள். வாத்தியம் ஒலித்தது. வலன்ரைன் வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றான். காற்றும் வரவில்லை. வாடகைக்கு எடுத்த நேரம் முடிந்து, இரண்டு பேரும் வெளியே வந்து படியில் குந்தினார்கள்.

"நானா, அண்ணன் மாதிரி நினைச்சுக் கேக்கிறன், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான் வலன்ரைன். கண் கலங்கியிருந்தது. "ஆக்கள் பாத்தா எனக்குத் தொண்டை அடைக்குது. நீங்கள் எங்கெங்க படம் காட்டுறீங்களோ அங்கெல்லாம் நான் வாறன். திரைக்குப் பின்னால நிண்டு பாடுறன். ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ."

ஹமீட் அவனைப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "சரி தம்பி. கேட்டா கொழும்புப் பாட்டுக்காரன் எண்டு சொல்லுவம்."

அப்படித்தான் அந்தப் படம் வானில் ஏறிக் கரையோரமெங்கும் போயிற்று. பின்னால் ஜெனரேற்றர், முன்னால் இவர்கள் இருவர், நடுவில் நாலு மீற்றர் மெல்லிய வெள்ளைத் துணி. ஊர் வெளியில் இரண்டு கம்பம் நட்டுத் துணியைக் கட்டுவார்கள். ஹமீட் புரொஜெக்டரோடு சனங்களின் பக்கம். வலன்ரைன் மைக்கோடு துணியின் மறுபக்கம். துணி மெல்லிசு என்பதால் படம் பின்னாலும் தெரியும், இடம் வலமாக மாறித் தெரியும். லொறியின் ஸ்ரியரிங் பிழையான பக்கத்தில் இருக்கும். அதைப் பற்றி அவனுக்கென்ன? ஹமீட்டின் உதடு அசையும்போது சரியாகப் பாடினால் போதும். படம் முடிந்து சனங்கள், "ஆரு பாடினது?" என்று கேட்பார்கள். "கொழும்பு" என்பார் ஹமீட். துணிக்குப் பின்னால் வலன்ரைன் நிம்மதியாக மைக் வயரைச் சுற்றுவான்.

வான் அடிக்கடி மணலில் புதைந்தது. போகும் வழியில் குரங்குகள் ஏறி இவர்களுடைய பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போயின. ஆனாலும் வலன்ரைன் தன் வாழ்நாளில் அவ்வளவு சிரித்ததில்லை. ஹமீட்டோடு அவன் முழு வசனங்களாகப் பேசப் பழகியதும் அந்த வானில்தான்.

கடைசியாக மறிச்சுக்கட்டிக்கு வந்தார்கள். அது ஹமீட்டின் மனைவி நூர்ஜஹானின் ஊர். மருமகன் கருவாட்டை விட்டுவிட்டுக் கூத்தாடித் திரிகிறான் என்று அங்கே எல்லாருக்கும் சிரிப்பு. அவர்களில் முன்னணியில் நின்றவள் நூர்ஜஹானின் தாய், மாமி பாத்தும்மா. வழியெல்லாம் கலகலத்துக்கொண்டு வந்த ஹமீட் ஊர் எல்லையில் வானை நிறுத்தினார்.

"தம்பி, நூர்ஜஹானுக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கிறன். அவட ஊர் சிரிச்சா நான் கமெராவை வித்துப்போட்டுக் கருவாட்டுக்கே போயிருவன். இண்டைக்கு நீ நல்லாப் பாட வேணும்."

"பாடுறன் நானா. பின்னால நிண்டு பாடுறதுதானே" என்றான் வலன்ரைன்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்து தொடங்கினால் இரவு இஷாத் தொழுகைக்கு முன் படம் முடிந்துவிட வேண்டும் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். படம் ஒரு மணித்தியாலம்தான், தாமதிக்க நேரமில்லை. கம்பம் நட்டு, துணி கட்டி, மைக்கை வைத்துவிட்டு வலன்ரைன் தேத்தண்ணி குடிக்கப் போனான். இருட்டியதும் திரும்பி வந்து துணிக்குப் பின்னால் காலை வைத்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அங்கே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பாய் விரித்து இருந்தார்கள். முன்பக்கம் ஆண்களுக்கு, பின்பக்கம் பெண்களுக்கு. வெளியில் படம் காட்டினால் அந்த ஊரில் அதுதான் வழக்கம். மறிச்சுக்கட்டிப் பெண்களைப் பொறுத்தவரை சினிமாக் கதாநாயகர்கள் எல்லாருமே இடக்கைக்காரர். ஹமீட்டுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். பெண் எடுத்த ஊரல்லவா? தன் படம், தன் மாமி என்ற பயத்தில் பாவி மனுசன் அதை மறந்தே போனார். மைக்கோ பாத்தும்மாவின் பாயிலிருந்து மூன்று முழம் தள்ளி நின்றது.

வலன்ரைன் வானை நோக்கி ஓடினான். புரொஜெக்டர் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. முதல் பாட்டுக்கு அதிக நேரமில்லை. வானுக்குள் இருந்து பாடலாம் என்றால் மைக் வயர் எட்டாது. எட்டினாலும் ஹமீட்டின் உதடு தெரியாது. ஹமீட் புரொஜெக்டரை விட்டு அசைய முடியாமல் அவனைப் பார்த்தார். கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. அந்தப் பார்வையில் கமெரா விற்கப்பட்டாயிற்று. வலன்ரைனுக்கு அழுகை வந்தது. இந்த மனுசனை என்னால் விட்டுவிட்டுப் போக முடியாது என்று நினைத்தான். திரும்பிப் போய் மைக்கின் முன் நின்றான்.

"ஏன் மகன் ஓடினீங்க? எங்கட மூஞ்சியில என்ன பேயா இருக்கு?" என்றாள் பாத்தும்மா.

வலன்ரைன் மைக்கைக் காட்டினான். தொண்டையைக் காட்டினான். பெண்களைக் காட்டினான். பிறகு தலையைக் குனிந்தான். பாத்தும்மா மூன்று பெண்களுக்குத் தாய்; வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"ஓ, நீங்கதானா பாட்டு? வெக்கமா இருக்கா? வெக்கத்துக்குத்தானே முக்காடு இருக்கு. இந்தாங்க" என்று தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவன் தலையில் போட்டு முகம்வரைக்கும் இழுத்துவிட்டாள். பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். தாயருகே இருந்த நூர்ஜஹானால் அடக்க முடியவில்லை.

சால்வைக்குள் இருட்டாக இருந்தது. வாத்தியம் தொடங்கியது. லொறி மணலில் புதைந்த கட்டம். சாரதி இறங்கி நின்று அதனிடம் பாடுகிறான். வலன்ரைன் பாட்டை எடுத்தான்.

"ஏறி வாடி என் ராசாத்தி,
இன்னும் கொஞ்சத் தூரம்தான்,
ஈர மணலில் உறங்காதே,
எங்கள் வீடு ஓரம்தான்."

குரல் வந்தது. ஆனால் முக்காட்டுக்குள் ஹமீட்டின் உதடு தெரியவில்லை. இரண்டாவது அடி பிந்திவிட்டது. முன்பக்கம் யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வலன்ரைனுக்குச் சுட்டது. முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு? சால்வையை இழுத்துத் தோளில் போட்டான், திரையைப் பார்த்தான், அடுத்த அடியை ஹமீட்டின் உதட்டோடு சேர்த்துப் பிடித்தான். பிறகு விடவே இல்லை.

பாட்டின் நடுவில் ஒருமுறை பக்கத்தில் பார்த்தான். மாமியைப் பற்றி ஹமீட் சொன்னதெல்லாம் பொய் போலிருந்தது. மணலில் புதைந்த ஒரு லொறிக்காகப் பாத்தும்மா மூக்கை உறிஞ்சி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கண் திரையில் இல்லை, அவனில் இருந்தது. பெண்கள் எல்லாருமே அவனைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்த்தும் தொண்டை அடைக்கவில்லை. இது இவ்வளவுதானா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. மிச்சப் பாட்டுகளை அவன் பெண்களின் பக்கம் பாதி திரும்பி நின்றே பாடினான்.

படம் முடிந்தது. முன்பக்கம் கைதட்டல் ஓயவில்லை. ஆண்கள் ஹமீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். நேற்றுவரை சிரித்தவர்கள் தோளில் தட்டினார்கள்.

"நடிப்புக் கிடக்கட்டும் மருமகன். அந்தக் குரல் ஆருட?" என்று ஒருவர் கேட்டார்.

ஹமீட் வழக்கம்போல, "கொழும்பு" என்றார்.

துணிக்குப் பின்னால் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த வலன்ரைனின் கை நின்றது. எத்தனையோ ஊரில் நிம்மதி தந்த சொல், இன்றைக்கு முள்ளாகக் குத்தியது. வயரைக் கீழே போட்டான். துணியைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். பாத்தும்மாவின் சால்வை இன்னும் தோளில் கிடந்தது.

"கொழும்பு இல்ல" என்றான். "பேசாலை. நான்தான் பாடினனான்."

ஆண்கள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். "இவரா?" என்று ஒருவர் இழுத்தார். "அப்ப பாடிக் காட்டுங்க பாப்பம்."

ஹமீட் பதறி முன்னால் வந்தார். "தம்பி, உனக்கு ஏலாட்டி விடு" என்று காதோடு சொன்னார்.

"நீங்கள் இருங்கோ நானா" என்றான் வலன்ரைன்.

ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். ஒரு பெற்றோல்மக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். மைக் இல்லை, வாத்தியம் இல்லை, அசைவதற்கு வேறொருவருடைய உதடும் இல்லை. வலன்ரைன் அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தான். பிறகு எடுத்தான். பெண்களும் துணியைத் தாண்டி முன்பக்கம் வந்து நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. அந்தப் படத்தின் தயாரிப்பாளர், இயக்குநர், கதாநாயகன் மூன்று பேரும் ஒரே ஆளாக மணலில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, தன் படத்தின் பாட்டை முதல்முறையாகச் சனங்களோடு சேர்ந்து கேட்டார்.