இடது சீட் பெல்ட்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. சுடுகாடு, நடுநிசி, ஊளையிடும் நாய் எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகலில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் நடந்தது. மணி, நிமிடம், மில்லிமீட்டர் வரை என்னிடம் இருக்கிறது.

என் தொழில் அளப்பது. முக்காலி மேல் ஒரு கருவி. அது மெதுவாகச் சுற்றி நாலா பக்கமும் லேசர் அடிக்கும். பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. கோடிப் புள்ளிகள் சேர்ந்தால் கம்ப்யூட்டரில் அந்தப் பொருள் அப்படியே நிற்கும். வீடியோ கேம்களில் கார்கள் அச்சு அசலாக ஓடுகின்றனவே, அவையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் அளந்து கொடுத்தவைதான். ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம். அதுவரை அறையில் ஆள் இருக்கக் கூடாது. அசைகிற ஆள் படத்தில் புகை மாதிரி இழுபட்டு விழுவான். அசையாமல் இருந்தால் முழுசாகப் பதிவாகிவிடுவான்.

அன்று அளக்கப் போனது ஜப்பான்காரன் முன்னூறே முன்னூறு செய்து நிறுத்திக்கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். பள்ளிக்கூட நாளில் கேமில் அதை ஓட்டி ஓட்டியே என் கட்டைவிரல் தேய்ந்தது. முந்தின ராத்திரி தூக்கமே வரவில்லை.

காலையில் மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு எட்டு மாதம். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய குழந்தை. அவள் தும்மினால்கூட எனக்குப் பதறும். காரில் அவள் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டிவிடுவது தினமும் நான்தான்.

"உங்க மொத சம்சாரம், அந்தக் காரைப் பாக்கப் போறீங்க. பாத்த சந்தோஷத்துல என்னை மறந்துடாதீங்க. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில ஸ்கேன். நான் ஆட்டோல போயிடுவேன், நீங்க நேரா அங்க வந்துடுங்க."

"உன்னை மறந்தா எனக்கு யாரு சோறு போடுவா?"

"கொழுப்பு!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கார் ஒரு பல் டாக்டருடையது. வீட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத கராஜ். நடுவில் வெள்ளைக் கார். டாக்டர் அதிகம் பேசவில்லை.

"எதை வேணும்னாலும் தொடுங்க. இடது சீட் பெல்ட்டை மட்டும் கழட்டாதீங்க."

"ஏன் சார்?"

"வேண்டாம்னா விட்டுடுங்களேன்."

மேலே போய்விட்டார். எட்டிப் பார்த்தேன். இடது சீட்டில் ஆள் இல்லை. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு ஜாண் முன்னால் விறைத்து நின்றது. கீழ்ப்பட்டை வளைந்து இறங்கியிருந்தது. உள்ளே ஏதோ சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வளைவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

11.20-க்கு ஆரம்பித்து நான்கு சுற்று முடித்தேன். கேம் கம்பெனிக்காரன் கொடுத்த பட்டியலில் 'பெல்ட் இரண்டும் கழற்றிய நிலையில்' என்று இருந்தது. டாக்டர் மேலே இருக்கிறார். கழற்றி, அளந்து, திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

12.31. க்ளிக்.

பெல்ட் சர்ரென்று உள்ளே ஓடியது. காரின் இடது பக்கம் லேசாக மேலே எழும்பியது. பழைய ஸ்பிரிங், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் நான்கு சுற்று எடுத்தேன். திரும்ப மாட்டியபோது பெல்ட் ஒழுங்காகச் சீட்டோடு ஒட்டியது. சரிசெய்துவிட்டேன் என்று சந்தோஷம் வேறு. மடையன்.

2.40. அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். முதல் நான்கு சுற்றும் அடுத்த நான்கும் பொருந்தவில்லை. முதல் நான்கில் காரின் இடது பக்கம் பதினோரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால் தாழ்கிற மாதிரி...

ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஒன்று. இடது சீட்டில் ஒரு தலை. தோள். கூந்தல்.

இரண்டு, மூன்று, நான்கு. அதே இடம். கொஞ்சம்கூட இழுபடவில்லை. ஒன்பது நிமிடம் மூச்சுக்கூட விடாமல்...

ஐந்து. சீட் காலி. கார்க் கதவை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். நிறைமாத வயிறு.

ஆறு. இரண்டு மீட்டர் முன்னால் வந்திருந்தாள்.

ஏழு. கருவியை நேராகப் பார்த்து நின்றிருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

எட்டு. யாரும் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கருவிக்கு நேர் கீழே லேசர் படாது. அங்கே எப்போதும் ஒரு கறுப்பு வட்டம் விழும். அந்த வட்டத்தின் விளிம்பில்... உள்ளேயிருந்து வெளியே... ஐந்து விரல்நுனிகள்.

பழக்கதோஷம், அளந்தேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.

முக்காலி என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

எப்படி மூட்டை கட்டினேன் என்று தெரியாது. டாக்டரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எல்லாவற்றையும் பின் சீட்டில் எறிந்துவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் சுற்றினேன். ஜனமும் சத்தமும் இருந்தால் போதும்.

4.12. டிங்... டிங்... டிங்...

பக்கத்தில் உட்கார்ந்த ஆள் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. பக்கத்துச் சீட்டில் ஒரு காகிதம்கூட இல்லை.

டிங்... டிங்...

ஓரம்கட்டினேன். அந்தச் சீட்டைத் தொடத் தைரியம் வரவில்லை. குறுக்கே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது.

கண்ணைத் திறந்தேன். பெல்ட் சீட்டில் ஒட்டவில்லை. ஒரு ஜாண் முன்னால் நின்றது. கீழ்ப்பட்டை வளைந்து இறங்கியிருந்தது. அந்த வளைவை எங்கே பார்த்தேன் என்று இப்போது தெரிந்தது. தினமும் காலையில், இதே சீட்டில், என் மனைவிக்கு மாட்டிவிடும்போது.

ஸ்கேன் முடிந்ததும் அவள் இங்கேதானே உட்காருவாள்? என் குழந்தை?

5.06. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு பல் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"கழட்டிட்டீங்களா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"சார், என் கார்ல ஏறிட்டா. யாரு சார் அது?"

"என் சம்சாரம். எட்டு மாசம். பெல்ட் அழுத்துதுன்னு அவதான் கழட்டினா. நான் சும்மா இருந்துட்டேன். ரெண்டே நிமிஷத்துல வண்டி மோதிடுச்சு... இப்ப எங்க இருக்கீங்க?"

"பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல."

"அன்னைக்கு நாங்களும் அங்கதான் போய்க்கிட்டிருந்தோம். அவளை இறக்கிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், திருப்பிக் கொண்டு வந்துடுங்க..."

க்ளிக்.

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பெல்ட் சர்ரென்று உள்ளே ஓடியது. காரின் இடது பக்கம் மேலே எழும்பியது.

இருபதடி தள்ளி ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு. ஆள் வந்தால் தானாகத் திறக்கும்.

திறந்தது.

மூடியது.

ஓடினேன். ஸ்கேன் அறையில் மனைவி படுத்திருந்தாள். "இதுக்கும் லேட்டா?" என்று முறைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் என் குழந்தையின் முகம். ஓரத்தில் ஐந்து விரல்கள்.

"கை ஆட்டுது பாருங்க" என்றாள் நர்ஸ்.

படத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். நல்லபடியாகப் பெண் பிறந்தாள். இப்போது இரண்டு வயது. என் காரை நான் அடுத்த வாரமே விற்றேன். அந்த கேமை இன்றுவரை விளையாடவில்லை.

படத்தை மனைவி பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். "வயித்துக்குள்ள இருக்கும்போதே டாட்டா காட்டினவ எம்பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். நானும் சிரிப்பேன்.

ஸ்கேன் படத்தின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும். எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள், கோட்டை யாரும் பார்ப்பதில்லை. என் தொழில் அளப்பது. போன மாதம் மனைவி குளிக்கப் போயிருந்தபோது படத்தை இறக்கி, அந்தக் கோடுகளை வைத்து விரல்களை அளந்தேன்.

எட்டு மாதக் குழந்தையின் கை ஏழு சென்டிமீட்டர்கூட வராது.

கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை... நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.