திருப்பிச் சொல்லும் பிள்ளை

சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கள் கடைப் பழக்கம் வேடிக்கைதான். கல்லாவில் இருப்பவர் "உளுந்து ஒரு கிலோ" என்று கூவினால், உள்ளே பொட்டலம் கட்டுகிறவர் "உளுந்து ஒரு கிலோ" என்று திருப்பிக் கூவ வேண்டும். அப்புறம்தான் அடுத்த சாமான். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக்கடை வைத்த நாங்கள் இப்படித்தான் பழகியிருக்கிறோம். மீன் விற்கும் கன்னியம்மா இன்றைக்கும் கேட்கிறாள்: "இன்னாம்மா, சொன்னதையே சொல்லிகினு கீறீங்கோ? காது கேக்காதா?" சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களே, உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. என் மகள் ஜெனிபர் நாலாம் வகுப்பு. படிக்க உட்கார்ந்தவள் பென்சில் சீவ எழுந்துபோவாள், போன இடத்தில் சுவரில் பல்லியைப் பார்ப்பாள், பென்சில் அங்கேயே கிடக்கும். டீச்சர் திமிர் என்றார். ஊரில் இருக்கும் என் அண்ணன் போனில், "ரெண்டு போடு, சரியாயிரும்" என்றான். பேய் ஓட்டச் சொன்ன சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். திமிராம், பேயாம். ராயபுரத்தில் ஒரு குழந்தை டாக்டர்தான் ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். "கவனக் குறைபாடும்மா. அவ வேணும்னு பண்ணலை. ரோட்டுல போற லாரி, ஃபேன் சத்தம், டீச்சர் குரல் எல்லாம் அவளுக்கு ஒரே மாதிரிதான் வந்து விழும். நாலு வேலையைச் சேத்துச் சொல்லாதீங்க. ஒண்ணொண்ணா சொல்லி, திருப்பிச் சொல்ல வைங்க."

எங்கள் கடையில் நாள் முழுக்க நடப்பது அதுதானே. மறுநாளே ஆரம்பித்தேன். "ஏட்டி, சாக்ஸ்." "சாக்ஸ்." "டிபன் டப்பா." "டிபன் டப்பா." அவள் அழாமல் பள்ளிக்குக் கிளம்பிய முதல் காலை அது. எனக்குத்தான் அழுகை வந்தது.

அவள் அந்தப் பழக்கத்தை வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் "கணக்கு நோட்டை எடுங்க" என்றதும், கணீரென்று "கணக்கு நோட்டை எடுங்க" என்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது.

"மூஞ்சிக்கு நேரா கிண்டல் பண்றா மேடம்" என்று டீச்சர் தலைமையாசிரியையிடம் முறையிட்டார். டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினேன். தலைமையாசிரியை கையில்கூட வாங்கவில்லை.

"கிண்டல் இல்ல டீச்சர். மனசுல நிக்கதுக்காவச் சொல்லுதா. முன் பெஞ்சுல வச்சு ஒண்ணொண்ணா சொன்னாப் போதும்" என்றேன். என் தெற்கத்திப் பேச்சுக்கு டீச்சர் உதட்டைச் சுழித்தார்.

"கிளாஸ் முழுக்கப் பிள்ளைங்க. இவளுக்கு மட்டும் ஒண்ணொண்ணா சொல்லணுமா?"

கடையில் கூட்டம் நெரிக்கும்போதுதான் நாங்கள் கூவவே செய்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைமையாசிரியை முடித்துவிட்டார். "உங்க பக்கம் இதெல்லாம் சரியா இருக்கலாம். டி.சி. தர்றேன். ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுங்க."

எந்த ஊருக்கு? ரெண்டு போடச் சொல்கிற ஊருக்கா? இவள் பிறந்ததே ராயபுரத்தில். லீவுக்கு உடன்குடி போனால் மூன்றாம் நாளே, "எப்பம்மா வூட்டுக்குப் போலாம்?" என்று நச்சரிக்கிறவள்.

பக்கத்தில் கை கட்டி நின்றிருந்த ஜெனிபர், நான் பழக்கியபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்: "ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுங்க." பிறகு, அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்த்தாள்.