பீரங்கிக்குத் திரும்பாத பிள்ளை

யுத்த காலத்தில் எங்கள் மூத்த மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. திருக்கோணமலைத் துறைமுகத்தில் பயிற்சிக்காகப் பீரங்கி சுடும்போது காகங்களெல்லாம் கலைந்து பறக்கும். அவன் மட்டும் தலை நிமிராமல் மணலில் விளையாடுவான். அதைக் கண்ட என் தமக்கை, "தம்பி, பிள்ளைக்குக் காது கேளாதடா. பிறகு எப்பிடிக் கதைக்கும்?" என்றார். நான் கோயில் சந்நிதியில் பதிகம் ஓதி அழுதேன்.

என் மனைவி அழவில்லை. திருவருளை நான் சந்நிதியில் தேடிய வேளையில், அவள் பிள்ளையின் முகத்தில் தேடினாள். ஒருநாள் தமக்கையை அருகில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னே சத்தமின்றி நின்று, பனங்கட்டி பொதிந்த ஓலைக் குட்டானை மெல்லப் பிரித்தாள். ஓலை சரசரத்ததுமே அவன் திரும்பிக் கை நீட்டினான்.

"பாத்தீங்களோ மச்சாள்? பிறந்த நாள் தொட்டு வெடிச்சத்தத்திலை வளர்ந்த பிள்ளை. அதுக்கு ஏன் திரும்பப் போறான்?"

"ஓம், கேக்குதுதான். எல்லாம் கேட்டுக்கொண்டு வாய் திறக்கிறானில்லை, தகப்பனைப் போல" என்று தமக்கை சிரித்தார்.

அன்றுமுதல் குசினியில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அவனுக்குச் சொல்லியபடியே அவள் செய்தாள். நான்கு மாதம் பதில் வரவில்லை, அவளும் ஓயவில்லை. ஒரு காலை, "அம்மா, கஞ்சி தா" என்ற குரல் கேட்டு, பூசையை விட்டு ஓடினேன். அவள் கோப்பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு, ராசா. அப்பாவும் கேக்கட்டும்."